ஃபில்டர் கேக்குக்கு எந்த டிரையர்?

கேள்வி, பிப்ரவரி 3

ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து (குழம்பை வடிதுணியில் அழுத்தித் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம்) மணிக்கு 1000 கிலோ கேக், அதாவது வடித்தபின் மிஞ்சும் ஈரக்கட்டி, வருகிறது. ஈரப்பதம் 60 சதவீதம். கனிம நிறமி, தண்ணீர் மட்டும்தான், கரைப்பான் எதுவும் இல்லை. கடைசியில் 5 சதவீத ஈரத்தில் பொடியாக வேண்டும். மூன்று சப்ளையர்களிடம் கேட்டேன். ஒருவர் ஸ்பின் ஃப்ளாஷ் என்கிறார், இன்னொருவர் பேடில் டிரையர் என்கிறார், மூன்றாமவர் ரோட்டரியே போதும் என்கிறார். மூவருமே தங்களுடையதுதான் சிக்கனம் என்று கணக்கும் காட்டுகிறார்கள். யாரை நம்புவது?

பிப்ரவரி 3, இரவு

மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பட்டறையில் செய்வதை அவரவர் சொல்கிறார்கள், அவ்வளவுதான். டிரையர் பெயருக்குப் போகும் முன் ஒரு கேள்வி: அந்த 60 சதவீதம் எந்தக் கணக்கில்?

ஈர அடிப்படையில், அதாவது மொத்த எடையில் 60 சதவீதம் தண்ணீர் என்றால் 1000 கிலோவில் 400 கிலோ திடப்பொருள், 600 கிலோ தண்ணீர். 5 சதவீதத்துக்கு வந்தபின் 400 கிலோ திடப்பொருளோடு 21 கிலோ தண்ணீர் மிஞ்சும். ஆக மணிக்கு 579 கிலோ ஆவியாக்க வேண்டும். உலர் அடிப்படையில், அதாவது திடப்பொருளின் எடையில் 60 என்றால் கதையே வேறு. அதே 1000 கிலோவில் 625 கிலோ திடப்பொருள், 375 கிலோ தண்ணீர். ஆவியாக்க வேண்டியது 340 கிலோவை ஒட்டித்தான். லேபில் ஒரு கணக்கு, கொள்முதல் விண்ணப்பத்தில் இன்னொரு கணக்கு என்று கிளம்பினால் டிரையரின் அளவே பாதிக்குப் பாதி மாறிவிடும். மூன்று சப்ளையர்களும் ஒரே எண்ணை ஒரே பொருளில் எடுத்துக்கொண்டார்களா என்று முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 4

ஈர அடிப்படைதான் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது. அப்படியானால் டிரையருக்கு முன்னால் இருக்கும் பிரஸ்ஸைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க மட்டும் 2257 கிலோஜூல் வேண்டும். இது இயற்கை கேட்கும் விலை, பேரம் கிடையாது. சூடான காற்றால் உலர்த்தும் டிரையர்களில் புகைபோக்கி வழியே போகும் வெப்பத்தையும் சேர்த்தால் கிலோவுக்கு 3000 முதல் 6000 வரை ஆகும், சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். அதே தண்ணீரைப் பிழிந்து எடுக்க ஆகும் ஆற்றல் இதில் ஒரு சிறு பங்குதான். பிழியாத துணியைக் கொடியில் போட்டுவிட்டு வெயில் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது போலத்தான் பல ஆலைகள் பெரிய டிரையர் கேட்கின்றன.

கணக்கு போட்டுப் பாருங்கள். கேக் 60க்குப் பதில் 50 சதவீதத்தில் வந்தால் அதே 400 கிலோ திடப்பொருளோடு 400 கிலோ தண்ணீர்தான் வரும். ஆவியாக்க வேண்டியது 379 கிலோ. 579 எங்கே, 379 எங்கே! மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமை குறைகிறது. பிரஸ்ஸுக்குள் உப்பிக் கேக்கைப் பிழியும் மெம்ப்ரேன் தட்டு போட்டு அழுத்துவது, கடைசியில் அழுத்தக் காற்று ஊதுவது, இரண்டையும் முயன்றாகிவிட்டதா?

பிப்ரவரி 4, சற்றுப் பின்

"பத்து சதவீதம் குறைந்ததற்கு மூன்றில் ஒரு பங்கு சுமை எப்படிக் குறையும்?" என்று ஒருவர் கேட்கிறார். சதவீதம் இங்கே நேர்க்கோட்டில் போகாது. 80 சதவீத ஈரம் என்றால் ஒரு கிலோ திடப்பொருளுக்கு 4 கிலோ தண்ணீர். 70 என்றால் 2.33 கிலோ. 60 என்றால் 1.5. மேலே இருக்கும் ஒவ்வொரு பத்து சதவீதத்துக்குள்ளும் நிறையத் தண்ணீர் ஒளிந்திருக்கிறது.

பிப்ரவரி 5

நேற்றுச் சொன்னதற்கு ஒரு வால் உண்டு. அழுத்திப் பிழிந்த கேக், பிழியாத கேக் மாதிரி நடந்துகொள்ளாது. 60 சதவீதத்தில் கூழாக இருப்பதைப் பம்பில் தள்ளலாம். 50 சதவீதத்தில் பலகை பலகையாக விழும். அதை உடைக்க ஒரு கேக் பிரேக்கர், கீழே ஒரு தொட்டி, அதில் கேக் கீழே இறங்காமல் பாலம் கட்டிக்கொண்டு நின்றுவிடாதபடி கிளற ஒரு ஏற்பாடு, பிறகு இரட்டை ஸ்க்ரூ ஃபீடர் என்று வரிசை நீளும். நான் பார்த்த டிரையர் தகராறுகளில் பாதிக்கு மேல் டிரையருக்குள் நடந்தவை அல்ல, வாய்க்கு வெளியே நடந்தவை. ஃபீடர் விட்டுவிட்டுத் தள்ளினால் வெளியேறும் காற்றின் வெப்பம் ஏறி இறங்கும், பர்னர் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும், பொடி ஒரு நேரம் கருகலாகவும் ஒரு நேரம் ஈரமாகவும் வரும். பழியைச் சுமப்பது டிரையர்.

விலைப்புள்ளி கேட்கும்போது ஃபீடரையும் டிரையரையும் ஒரே ஆள் தலையில் கட்டுங்கள். இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்தால் தகராறு வரும் நாளில் இருவரும் எதிரெதிரே விரலை நீட்டுவார்கள், நடுவில் நிற்பது நீங்கள்.

பிப்ரவரி 6

இனி முக்கியமான விஷயம். உள்ளே போவது எப்படி இருக்கிறது, வெளியே வருவது எப்படி இருக்க வேண்டும், இந்த இரண்டையும்தான் எல்லாரும் எழுதித் தருகிறார்கள். நடுவில் அந்தப் பொருள் என்னவாக மாறுகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் டிரையரைத் தீர்மானிப்பது அந்த நடுப்பகுதிதான்.

பெரும்பாலான கேக்குகள் காய்கிறபோது ஒரு பசைக்கட்டத்தைத் தாண்டியாக வேண்டும். கூழாக இருக்கும்வரை வழுக்கும். பொடியானபின் உதிரும். இடையில் எதைத் தொட்டாலும் ஒட்டும், உருட்டினால் உருண்டையாகும். கழிவுநீர்ச் சேற்றை உலர்த்துகிறவர்களுக்கு இது மனப்பாடம். அங்கே திடப்பொருள் 40 முதல் 60 சதவீதம்வரை உள்ள பகுதிதான் பேய் பிடித்த பகுதி. உங்கள் நிறமிக்கு அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் எந்த டிரையரையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். புதுக் கேக்கை மெல்லிய அடுக்காகச் சில தட்டுகளில் பரப்பி லேப் அடுப்பில் வையுங்கள். ஒவ்வொரு தட்டாக இடைவெளி விட்டு எடுத்து, ஒரு பங்கை ஈரம் பார்க்க அனுப்புங்கள். மிச்சத்தை ஸ்பேட்டுலாவால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் அழுத்தி இழுங்கள். கையுறையோடு உருட்டிப் பாருங்கள். எந்த ஈரத்தில் ஒட்டத் தொடங்குகிறது, எதில் உதிரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மூன்று சப்ளையர்களுக்கும் வருவோம். மூன்று டிரையர்களும் இந்தக் கட்டத்தை வேறு வேறு விதத்தில் தாண்டுகின்றன.

ஸ்பின் ஃப்ளாஷில் அடியில் ஒரு கிளறி சுழல்கிறது, சூடான காற்று சுழன்று மேலே ஏறுகிறது. விழும் கேக்கின் மேற்பரப்பு உடனே காய்ந்து உதிர, புதுப் பரப்பு வெளிப்படுகிறது. அரைகுறையாகக் காய்ந்த பொடி புதுக் கட்டிகளின் மேல் பூசிக்கொள்வதால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறைகிறது. லேசானவை காற்றோடு மேலே போகும், கனமானவை அடியிலேயே கிடந்து மறுபடி உடையும்.

பேடிலில் வெப்பம் சுழலும் தண்டு, அதிலுள்ள தகடு, வெளிச்சுவரின் ஜாக்கெட் வழியாக வருகிறது. காற்று மிகக் குறைவு, அதனால் தூசியும் குறைவு, காற்றிலிருந்து தூசியைப் பிடிக்கும் பேக் ஃபில்டரும் (துணிப்பை வடிகட்டி) சிறியது. ஆனால் பசைக்கட்டத்தில் மோட்டார் சுமை எகிறும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் பேடில் டிரையரின் ஆம்பியர் காட்டியைப் பார்த்தே உள்ளே கேக் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆபரேட்டர்கள் சொல்லிவிடுவார்கள். கியர்பாக்ஸைச் சராசரிச் சுமைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முழுக் கொள்ளளவில் ஓட்டினால் ட்ரிப் ஆகும். அந்த டிரையரைப் பாதிக்குமேல் யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. அந்த உச்சச் சுமை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

சுழலும் உருளையான ரோட்டரி பசைக்கட்டத்தைச் சமாளிக்காது. அதை முன்கூட்டியே தாண்டி உள்ளே அனுப்ப வேண்டும். காய்ந்த பொடியில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்து ஈரக் கேக்கோடு கலந்து கொடுப்பார்கள். அது இல்லாமல் ஓட்டினால் உருண்டைகள்தான் வரும். அப்படி உருண்டை வந்த ஓர் இடத்தையும் பார்த்திருக்கிறேன். வெளித்தோடு சொக்கத்தங்கம், உள்ளே ஈரம். அரைத்துச் சராசரி எடுத்தால் லேப் அறிக்கை பாஸ். மூட்டையில் அடைத்தபின் உள்ளே இருந்த ஈரம் வெளியே பரவி, வாடிக்கையாளர் கையில் போகும்போது மூட்டை ஒரே கல்லாக இருந்தது.

பிப்ரவரி 7

"டிரே டிரையர் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?" மணிக்கு ஒரு டன் கேக்கை டிரேயில் பரப்ப ஆள் தேட வேண்டும், பரப்பியதைச் சுரண்ட இன்னும் அதிக ஆள் தேட வேண்டும், அவர்கள் வேலையை விட்டுப் போகாமலிருக்க வேறு ஏதாவது தேட வேண்டும். நாளுக்கு ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் சில நூறு கிலோ என்று இருந்தால் டிரேயை மிஞ்ச ஆளில்லை. கழுவுவது சுலபம், ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காது. பல மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். கேலி செய்யவில்லை.

பிப்ரவரி 9

வேறொருவரிடமிருந்து நல்ல சந்தேகம் ஒன்று வந்திருக்கிறது: "என் பொருள் 90 டிகிரி தாண்டினால் நிறம் மாறும். ஃப்ளாஷ் டிரையரில் 200 டிகிரிக் காற்று விடுகிறார்களே?"

காற்றின் வெப்பமும் பொருளின் வெப்பமும் ஒன்றல்ல. மேற்பரப்பு நனைந்திருக்கும்வரை வருகிற வெப்பமெல்லாம் ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அந்தக் கட்டத்தில் பொருள் ஈரக்குமிழ் வெப்பநிலையை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அந்தக் காற்றில் காட்டும் வெப்பம்) ஒட்டியே நிற்கும். சாதாரண ஈரமுள்ள காற்றை 150 டிகிரிக்குச் சூடாக்கினால்கூட அதன் ஈரக்குமிழ் வெப்பம் 40க்குச் சற்று மேல்தான். மேற்பரப்பு ஈரம் தீர்ந்து, உள்ளிருந்து ஈரம் மெதுவாக வெளியே வரும் கட்டம் தொடங்கியபிறகுதான் பொருள் சூடேறும். ஃப்ளாஷில் அதற்குள் பொருள் வெளியே வந்துவிடும். அங்கே தங்கும் நேரம் சில விநாடிகள். ரோட்டரியில் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காற்றோடு போகாமல் சுவரிலோ வளைவிலோ ஒட்டிக்கொண்டு தங்கிவிடும் பொடிதான் கருகும். அது உதிர்ந்து நல்ல பொடியில் கலந்தால் கரும்புள்ளி. நிறமியில் அதை மறைக்க இடமே இல்லை.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்பைப் பேடிலுக்கும் பொருத்திவிட வேண்டாம். ஈரக்குமிழ்ப் பாதுகாப்பு சூடான காற்றால் உலர்த்தும் டிரையர்களுக்குத்தான். தகட்டில் தொட்டுக் காயும் டிரையரில் காற்று பெயரளவுக்குத்தான் இருக்கும். அங்கே பொருள் அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பம்வரை போகும், தகட்டை ஒட்டிய படலம் அதற்கும் மேலே போகும். வெப்பம் தாங்காத பொருள் என்றால் வெற்றிடம் வைக்க வேண்டும். 100 மில்லிபாரில் தண்ணீர் 46 டிகிரியிலேயே கொதிக்கும், 50 மில்லிபாரில் 33. அதற்குப் பம்ப், கண்டென்சர், தண்டு சீல் என்று செலவு தனி.

பிப்ரவரி 12

"கேக்கைக் கரைத்து ஸ்ப்ரே டிரையரில் விட்டால் என்ன?"

கஷ்டப்பட்டு எடுத்த தண்ணீரை மறுபடி ஊற்றிவிட்டு, அதை ஆவியாக்கக் காசு கொடுக்க வேண்டும். ஆனாலும் முட்டாள்தனம் என்று ஒதுக்க மாட்டேன். ஸ்ப்ரேயில் வரும் பொடி உருண்டைத் துகள்களாக, நன்றாக வழியும். தூசியும் குறையும். செராமிக் ஓடு செய்கிறவர்கள் அச்சில் சீராக நிரம்ப வேண்டும் என்பதற்காகவே குழம்பைத் தெளித்து உலர்த்துகிறார்கள். அவர்கள் குழம்பில் திடப்பொருள் 60 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். பாய வைப்பது தண்ணீர் அல்ல, துகள்களை ஒன்றையொன்று விலக்கும் ஒரு சிட்டிகைச் சேர்மானம். உங்கள் கேக்கிலும் அதை முயலலாம். டிஸ்பெர்சன்ட் போட்டு வேகமாகக் கிளறினால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே இளகிப் பாயும் கேக்குகள் உண்டு. வாடிக்கையாளர் அந்தச் சேர்மானத்தை ஒப்புக்கொள்வாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சமாச்சாரம் ஒன்று: தெளித்து உலர்த்துவதற்கு அமெரிக்காவில் சாமுவேல் பெர்சி காப்புரிமை வாங்கியது 1872ல். இத்தனை காலம் கழித்தும் சர்க்கரை மிகுந்த சாறு டிரையர் சுவரில் மிட்டாயாக ஒட்டுவது நிற்கவில்லை. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் கண்ணாடி நிலையிலிருந்து இளகும் வெப்பம் 5 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எந்த டிரையருக்குள் போனாலும் அது இளகித்தான் கிடக்கும், அதனால்தான் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) மாதிரி எதையாவது கலக்கிறார்கள்.

பிப்ரவரி 13

ஃப்ளூயிட் பெட், அதாவது அடியிலிருந்து காற்று ஊதிப் பொடியைக் கொதிப்பது போல மிதக்கவிட்டு உலர்த்தும் டிரையர், கேட்டவருக்குச் சுருக்கமாக: உப்பு, படிகம், குருணை என்றால் தாராளமாகப் போகலாம். நிறமி மாதிரி நுண்பொடிக்கு வேண்டாம். கெல்டார்ட் என்ற ஆய்வாளர் 1973ல் பொடிகளை ஏ, பி, சி, டி என்று பிரித்தார். ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் நுண்பொடி அதில் சி வகை. அடியிலிருந்து காற்று விட்டால் கொதிக்காது, நடுவே ஓட்டை போட்டுக்கொண்டு காற்று தனியாகப் போய்விடும்.

பிப்ரவரி 16

முதல் கேள்வி கேட்டவர் அடுப்புச் சோதனை முடிவோடு வந்திருக்கிறார். பசைக்கட்டம் 45 முதல் 35 சதவீத ஈரம்வரை. மெம்ப்ரேன் அழுத்தத்தில் கேக் 50 சதவீதம்வரை இறங்குகிறது. துகள்கள் 10 மைக்ரானுக்குக் கீழே. வெப்பம் ஓரளவு தாங்கும். இந்த மாதிரி விவரத்தோடு வந்தால் பேசுவதே சந்தோஷம்.

முதலில் ரோட்டரியைக் கழிப்போம். உள்ளே போகும் கலவை பசைக்கட்டத்துக்குக் கீழே, 33 சதவீதத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதக் கேக் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 சதவீதப் பொடி ஏறக்குறைய ஒரு கிலோ கலக்க வேண்டும். அதாவது மணிக்கு 960 கிலோ பொடி சுற்றிக்கொண்டே இருக்கும், விற்பனைக்குப் போவதோ 421 கிலோ. பிழிந்த 50 சதவீதக் கேக்கானாலும் 480 கிலோவுக்கு மேல் சுற்ற வேண்டும். கன்வேயர், எலிவேட்டர், மிக்ஸர், எல்லா மூட்டிலும் நிறமித் தூசி. ரோட்டரி விலை குறைவு என்று காட்டிய அந்தக் கணக்கில் இவை இருக்கின்றனவா?

மிச்சம் இரண்டு. நான் ஸ்பின் ஃப்ளாஷ் பக்கம் சாய்கிறேன். நுண்பொடி, வெப்பம் தாங்கும், கடைசியில் எப்படியும் உதிரியாக வேண்டும், அரவையில் ஒரு பங்கு வேலையும் அதிலேயே முடியும். ஆனால் ஆலையில் மிச்ச ஸ்டீம் சும்மா கிடக்கிறது, பெரிய பேக் ஃபில்டருக்கு இடமில்லை என்றால் பேடிலை மறுபடி யோசிப்பேன். அப்போதும் கட்டி உடைக்க ஒரு மில் பின்னால் வேண்டியிருக்கும்.

எதுவானாலும் சோதனை ஓட்டம் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். புதுக் கேக்கையே கொண்டுபோங்கள். ஒரு சப்ளையர் எங்களிடம், ஈரக் கேக்கை அனுப்புவது சிரமம், காய்ந்த பொடியை அனுப்புங்கள், நாங்களே தண்ணீர் கலந்துகொள்கிறோம் என்றார். அப்படிக் கலந்த பொடி சமர்த்தாக உலர்ந்து வந்தது. உண்மையான கேக் அதே இயந்திரத்தில் சுவரெல்லாம் அப்பிக்கொண்டது. ஒருமுறை காய்ந்த துகள்கள் திரும்ப ஈரமானால் பழைய கட்டமைப்பு திரும்பாது, தண்ணீர் வெளியே தளர்வாகத்தான் நிற்கும்.

அரை மணி ஓட்டத்தில் எதுவும் தெரியாது. சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் உள்ளே திறந்து சுவரைப் பாருங்கள். பொடியின் ஈரத்தைவிட அந்தச் சுவர் அதிகம் சொல்லும்.

பிப்ரவரி 17

ஈரம் பற்றி இங்கே ஒரு சண்டை ஓடுகிறது. ஒருவர் 105 டிகிரியில் வைத்து எடை இழப்பு பார்க்கிறார், இன்னொருவர் ஹாலஜன் பேலன்ஸ் (விளக்குச் சூட்டில் உலர்த்தியபடியே எடை பார்க்கும் தராசு). இரண்டுமே ஆவியாகிப் போன எல்லாவற்றையும் தண்ணீர் என்றே எண்ணும். படிக நீர் உள்ள பொருளில் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றினால் அதுவும் கழன்று கணக்கில் சேரும். ஜிப்சத்தின் எடையில் 20.9 சதவீதம் படிக நீர். சோதனை வெப்பத்தை எழுதாமல் ஈர அளவை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினால் ஆளுக்கொரு எண் வரும். தகராறு முற்றினால் கார்ல் ஃபிஷர் முறை, அதாவது தண்ணீரோடு வினைபுரியும் கரைசலால் அளப்பது. 1935ல் வந்தது, இன்றும் தண்ணீரை மட்டும் தேடிப் பிடிப்பதில் அதற்குத்தான் பெயர்.

பிப்ரவரி 20

கரைப்பான் உள்ள கேக் வைத்திருப்பவர் இந்தப் பேச்சைத் தன் ஆலைக்கு அப்படியே எடுத்துப் போக வேண்டாம். அங்கே திறந்த காற்றோட்டமே கிடையாது. நைட்ரஜனை மூடிய சுற்றில் ஓட்டி, கரைப்பானைக் குளிர்வித்துப் பிடித்து, ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், இல்லையென்றால் வெற்றிட டிரையர். தண்ணீர்தான் என்றாலும் பொடி கரிமப் பொருளாக இருந்தால் தூசி வெடிப்புச் சோதனை செய்தாக வேண்டும். இரும்பு ஆக்சைடு மாதிரி முழுக்க ஆக்சிஜன் ஏறிய கனிம நிறமி எரியாது, அந்தக் கவலை நம் கேள்விக்காரருக்கு இல்லை. கேக்கைச் சரியாகக் கழுவாமல் குளோரைடு மிஞ்சியிருந்தால் வேறு கவலை உண்டு. சூடான இடத்தில் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட விரிசல் விடும்.

பிப்ரவரி 24

பேக் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது என்று வேறொருவர் கேட்டிருப்பதற்கு. பை சேறாகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே ஆவி குளிர்ந்து பனித்துளியாகப் படிகிறது. ஒரு கிலோ உலர்காற்றில் 0.1 கிலோ ஆவி இருந்தால் 50 டிகிரிக்குச் சற்று மேலேயே பனி படியத் தொடங்கும். வெளியேறும் காற்று 90ல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. இன்சுலேஷன் இல்லாத ஹாப்பர் தகடு, கதவு ஓரம், ரோட்டரி வால்வின் உடல், இவையெல்லாம் அதைவிடக் குளிர்ந்தவை. தொடங்கும்போது கேக் விடாமல் சூடான காற்றை மட்டும் ஓட்டி ஃபில்டரின் கூட்டைச் சூடாக்குங்கள். நிறுத்தும்போதும் முதலில் கேக்கை நிறுத்துங்கள், காற்றைப் பிறகு. பைகளை உதறிச் சுத்தம் செய்யும் பல்ஸ் ஜெட் காற்றில் தண்ணீர் வருகிறதா என்று டிரெய்ன் வால்வைத் திறந்து பாருங்கள்.

பிப்ரவரி 25

அவர் பாலியெஸ்டர் பை போட்டிருக்கிறாராம். வறண்ட காற்றில் 130 டிகிரிவரை தாங்கும் என்று பட்டியலில் இருப்பது சரிதான், ஆனால் டிரையர் காற்று வறண்டதல்ல. ஈர வெப்பத்தில் பாலியெஸ்டர் இழை நீராற்பகுப்பில், அதாவது தண்ணீரோடு வினைபுரிந்து சிதைந்து, நொறுங்கிப்போகும். அக்ரிலிக் ஹோமோபாலிமர் பை கேளுங்கள், ஈரத்தை நன்றாகத் தாங்கும், 125 டிகிரிக்குள் வைத்திருந்தால் போதும்.